வானத்தைப் பார்த்த துலா

ஹெலிகொப்ரர் சத்தம் இன்னும் கிழக்கில்தான் நிற்கிறது. கோயில் பக்கமாய். இஞ்சாலை வராது, வராமல் அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும், முந்தாநாளும் அப்படித்தான் போனது, நாங்கள் பங்கர்க் குழிக்குள் இறங்கி இருந்து மண் தட்டி எழும்பினதுதான் மிச்சம். குஞ்சு பால் குடிக்கிறான் இல்லை. மூக்கு அடைத்திருக்கிறது. ஒரு இழுவை இழுத்துவிட்டு வாயை எடுத்து மூச்சு வாங்குகிறான், மூச்சுக் கிடைத்ததும் அழுகை வருகிறது, அழுகையோடு சளி வருகிறது, பிறகு திரும்பவும் நெஞ்சைத் தேடுகிறான். பவளக்கா எனக்கு முன்னால் குந்தியிருக்கிறா. பக்கத்துக் காணிக்காரி. பிள்ளைக்குக் கற்பூரவள்ளிச் சாறு பிழிந்து கொடுக்கவென்று வேலியில் ஆள் நுழையிற ஓட்டை, அந்தப் பொட்டுக்குள்ளால் பூந்து வந்தவ, ஹெலிச் சத்தம் கேட்டதும் என்னோடு சேர்ந்து இதற்குள் இறங்கிவிட்டா. இலை இன்னும் அவவின் கைக்குள் கசங்கிக் கிடக்கிறது. பங்கர் முழுக்க அந்த மணம்தான், அதுவும் ஈரச் செம்மண் மணமும். நான் சீலைத் தலைப்பை இழுத்து நெஞ்சை மூடுகிறேன். ஆர் பார்க்கப் போகினம், அவவும் ஒரு பெண்தானே, என்றாலும் என் கை தானாக இழுக்கும். "எடி பிள்ளை, அந்தப் பெடியனுக்குக் காத்து வர விடடி. ஹெலிக்காரன் இறங்கி வந்து உன்னையே பாக்கப்போறான்?" என்கிறா. எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கிணற்றடியில் என்ரை மனிசன் தனியே நிற்கிறார்.

"சறோ, நீர் பிள்ளையைக் கொண்டு உள்ளை போம், நான் துலாவைப் பாத்திட்டு வாறன்" என்றவர். பாத்திட்டு என்றால் என்ன பாத்திட்டு. துலாவைத் தனி ஆள் பார்க்க ஏலாது என்று அவருக்குத் தெரியாதா, எனக்குத்தான் தெரியாதா, தெரிந்துகொண்டும் நான் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு ஓடி வந்தேன். ஆட்டத்தான் எனக்குத் தெரியும். பொம்பிளை பார்க்க வந்த அன்றைக்கும் ஆட்டினேன். கலியாணம் முடிந்து கனநாள் அவரோடு தலையால்தான் கதைத்தேன். "உமக்குக் கழுத்து நோகேல்லையோ?" என்று ஒரு நாள் கேட்டார், அதற்கும் ஆட்டினேன். தண்ணி இறைக்கிற மெசின் ஓடின காலத்தில் இந்தத் துலாக் கரைச்சலே இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை வந்தபிறகு மெசின் சாக்கைப் போர்த்துக்கொண்டு மூலையில் கிடக்கிறது, வெங்காயத்துக்குத் தடை கிடை தெரியாது, அது தண்ணி கேட்கிறது, அதனால் எல்லாத் தோட்டத்திலும் சனம் திரும்பத் துலாவை நாட்டினது. நீளமான பனைமரம். நடுவில் அச்சில் ஏறி நிற்கும். அடிப்பக்கம் பாறாங்கல், நுனியில் கயிறும் வாளியும். தண்ணி அள்ளாத நேரம் கல்லின் பாரத்தில் அடி கீழே குந்திவிடும், நுனி சரிவாக நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். அது வானத்தைப் பார்க்கிறதுதான் பிழை. போன மாதம் பனங்கூடலுக்கு அங்காலை ஒரு தோட்டத்தில் அப்படி நிமிர்ந்து நின்ற துலாவை ஹெலி சுற்றிச் சுற்றிச் சுட்டது. துலா முறிந்தது, கீழே நின்ற மனிசனும் போய்விட்டார். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது துலா இல்லையாம், ஹெலியை விழுத்தவென்று பூட்டி வைத்திருக்கிற பெரிய துவக்காம். சனம் அப்படித்தான் கதைத்தது. பவளக்காவின் மனிசன் நல்லையண்ணை வேலிக்கு மேலால் எட்டி நின்று, "இவ்வளவு பெரிய துவக்கு என்னட்டை இருந்தால் நான் ஏன் கத்தரிக்குத் தண்ணி இறைக்கிறன்? கத்தரி தானாப் பயந்து காய்க்குமே" என்றார். எங்கடை ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிய இரண்டு பேரும் தங்கள் தங்கள் கிணற்றடிக்குப் போய்த் துலாவைக் கட்டுவதற்கென்று நிலத்தில் ஆளுக்கொரு கட்டை அடித்து இறுக்கினார்கள்.

கட்டுகிறதுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆள் கயிற்றில் தொங்கி நுனியைத் தாழ்த்தித் துலாவைக் கிடையாக்க வேண்டும், மற்ற ஆள் கயிற்றைக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டு முடிய வேண்டும். கிடையாகக் கட்டிவிட்டால் மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது விழுந்து கிடக்கிற மரம். பிடித்திருக்கிறவர் முடியவென்று ஒரு கையை எடுத்தாரோ, கல் தன் வேலையைக் காட்டும், துலா அவரையும் இழுத்துக்கொண்டு எழும்பும். அதனால் அவர் தொங்குவார், நான் முடிவேன். ஹெலிச் சத்தம் கேட்டால் நான் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடுவேன். அவரின் இரண்டு கைக்கும் கீழே என் கை, கயிறு ஈரமாக இருக்கும், அவரின் மூச்சு என் உச்சியில் படும், "இறுக்கும், இன்னும் ஒரு சுத்து" என்பார், நான் இறுக்குவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரம் எனக்குப் பயத்தோடு இன்னொன்றும் இருக்கும். பகல் வெளிச்சத்தில், வெட்ட வெளியில், என்ரை மனிசனுக்கு இவ்வளவு கிட்டத்தில் நான் வேறு எப்போது நின்றேன். ஹெலி போனபிறகும் ஒரு கொஞ்ச நேரம் கயிற்றை விடாமல் நிற்பேன். அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். அவரும் "விடும்" என்று சொன்னதில்லை. இன்றைக்கு என் கை இங்கே இருக்கிறது, பிள்ளையின் முதுகில், தட்டிக்கொண்டு. அவர் தொங்கிக்கொண்டு நிற்பார். முடிய ஆள் இல்லாமல். விட்டிட்டு வாருங்கோ, துலா எப்படியும் போகட்டும், வந்து இதற்குள் இறங்குங்கோ. வரமாட்டார். கிணற்றுக்கும் பங்கருக்கும் எவ்வளவு தூரம், ஒரு வாழைப்பாத்திதான். துலாவுக்கு அடித்தால் இதற்கும் அடிக்கும். அதனால் விடமாட்டார். எங்களுக்காகத்தான் விடமாட்டார் என்று நினைக்க நினைக்க எனக்கு அவரில் கோபம் வருகிறது.

சத்தம் கிட்ட வந்துவிட்டது. வரவில்லை என்று நினைத்துக்கொண்டு இருந்ததால் வந்தது தெரியவில்லை. முதலில் அது காதில் இருந்தது, இப்போது நெஞ்சுக்கூட்டில் இருக்கிறது, குஞ்சின் மண்டையில் என் நாடியை வைத்தால் அங்கேயும் இருக்கிறது. கூரையில் போட்ட பனங்குற்றிகளுக்கு இடையால் மண் பொடியாகக் கொட்டுகிறது, நான் குனிந்து பிள்ளையின் முகத்துக்குக் கூரையாகிறேன். சுவர் ஓரம் அடுக்கிய மண் மூட்டைகளில் பச்சை மூட்டை என் மச்சாள் தந்த சீலை, மஞ்சள் கரை வைத்தது நான் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு வந்தது, ஒரு நாளும் உடுத்தவில்லை, கூச்சம், மினுங்குது என்று பெட்டிக்குள் வைத்தேன், வைத்து வைத்துக் கடைசியில் வெட்டிப் பையாகத் தைத்து மண் நிரப்பினேன். உடுத்தியிருக்கலாம். ஒரு நாள் உடுத்தி அவருக்கு முன்னால் நடந்திருக்கலாம். இதென்ன நேரத்தில் என்ன நினைவு. ஹெலிக்காரனை நான் ஒரு தரம் கண்டிருக்கிறேன். பிள்ளைத் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றபோது பனைக்கு மேலால் தணிந்து வந்தது, ஒளிக்க நேரமில்லை. ஹெலியின் பக்கத்து வாசல் திறந்து கிடந்தது. வாசலில் ஒரு கம்பத்தில் துவக்கைப் பூட்டி, பின்னால் ஒருவன் குந்தியிருந்தான். துவக்கு அவனை விட நீளம். சன்னங்கள் கோத்த மாலை அதன் பக்கத்தால் தொங்கி ஆடியது. காதில் பெரிய மூடிகள், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் நாடி மட்டும் தெரிந்தது, அந்த நாடியில் மயிர் இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா, தலைப்பை இழுத்துச் சரி செய்தேன். சுட வந்தவனுக்கு முன்னாலும் எனக்கு வெட்கம். பிறகு அன்றைக்கு முழுக்க யோசித்தேன், எங்கடை பனைமரத்தைப் பார்த்துத் துவக்கு என்று நினைக்கிறவன் எவ்வளவு பயந்து போய் இருக்கவேண்டும். பயம் எனக்குத் தெரியும். இருட்டில் உரல் ஆளாகத் தெரியும், சடங்கு வீட்டில் யாரும் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியும். எனக்குப் பயம் வந்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன். அவனுக்கு வந்தால் அவன் விரலை இழுக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்குக் கீழேதான் என்ரை மனிசன் கயிற்றில் தொங்குகிறார்.

"சுத்துறான்" என்றா பவளக்கா. சிரிப்பு இல்லை இப்போது. "நேரை போறவன் எண்டால் இவ்வளவுக்குப் போயிருப்பான். எடி, அந்த மனிசன் என்ன செய்யுதோ தெரியேல்லை." நான் தலை நிமிர்ந்தேன். எனக்கு அது வரைக்கும் நல்லையண்ணையின் நினைவே இல்லை. அங்கேயும் ஒரு துலா, அங்கேயும் ஒரு கட்டை, அங்கேயும் தொங்க ஒரு ஆளும் முடிய ஒரு ஆளும். முடிகிற ஆள் இங்கே என் பிள்ளையின் சளிக்கு இலை கசக்கிக்கொண்டு குந்தியிருக்கிறா. அவையளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இரண்டே இரண்டு பேர். "அண்ணை பங்கருக்குள்ளை போயிருப்பார் அக்கா" என்றேன். "அந்தப் பங்கருக்குள்ளை போன மழைத் தண்ணி நிக்குது. தவளைதான் குடியிருக்குது. அந்தாள் துலாவிலைதான் நிக்கும். அதுக்கு நாரிப் பிடிப்பு வேறை, குனிஞ்சு நிமிர ஏலாது." சொல்லிக்கொண்டே சீலையைத் தூக்கி இடுப்பில் செருகினா. கசங்கின இலையை என் பக்கத்தில் மண்ணில் வைத்தா. "நான் ஓடிப்போய் அந்தாளுக்கு முடிஞ்சு குடுத்திட்டு வாறன், நீ ஆடாமல் இரு பிள்ளை" என்றா. ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தா. அந்தப் படியைப் பார்த்தேன். மண்ணில் வெட்டின படி. அவ ஏறிப்போனால் நான் ஆடாமல் இருப்பேன். பிள்ளையோடு நான் வெளியே போக முடியாது, பிள்ளையை மண்ணில் விட்டுவிட்டும் போக முடியாது, அதனால் ஆடாமல் இருப்பேன், ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டு இருப்பேன், கிணற்றடியில் அவரின் கை வழுக்கும். இப்போதே வழுக்குதோ. ஈரக் கயிறு. எவ்வளவு நேரமாய்த் தொங்குகிறார். நான் ஒரு நாளும் யாருக்கும் முன்னால் போனவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கு, பந்தியில் கடைசி இலை, கிணற்றடியில் எல்லாரும் அள்ளி முடிந்தபிறகு என் வாளி. "அக்கா, பிள்ளையைப் பிடியுங்கோ" என்றது என் வாய். குஞ்சைப் பிடுங்கினேன், அவன் நெஞ்சை விடாமல் பிடித்திருந்தான், பிடுங்கிப் பவளக்காவின் கையில் திணித்தேன். "எடி, நான்—" என்றா. அவவின் கை வாங்கிக்கொண்டது. பிள்ளை என்றால் எந்தக் கையும் வாங்கும், வாங்காமல் விடத் தெரியாது. எனக்கு அது தெரிந்துதான் திணித்தேனா. அவவின் பக்கத்தால் உரஞ்சிக்கொண்டு படியில் ஏறிவிட்டேன்.

வெளிச்சம் கண்ணில் குத்தியது. வாழைகள் காற்றில்லாத காற்றில் அடித்துக்கொண்டு நின்றன. அவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றார், கால் பெருவிரல் மட்டும் நிலத்தில், கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து. என்னைக் கண்டதும் கண் விரிந்தது. "உமக்கென்ன விசரோ! பிள்ளை எங்கை?" என்று கத்தினார். "அக்காட்டை" என்றேன், நானும் கத்தினேன், கலியாணம் முடிந்து இவ்வளவு நாளில் நான் கத்தின முதல் சொல் அது. கயிற்றின் நுனியைத் தேடிப் பிடித்தேன். ஒரு சுற்று. அவரின் வியர்வை என் கையில் விழுந்தது. இன்னும் ஒரு சுற்று. கயிறு இறுகக் கட்டை முனகியது. முடிச்சுப் போடும்போது நிழல் எங்களுக்கு மேலால் போனது, வெங்காயப் பாத்தியில் ஓடி, வேலியில் ஏறி, அங்காலை இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் கட்டைக்குப் பக்கத்தில் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தோம், அவரின் கை என் தலைக்கு மேல். நான் கண்ணை மூடவில்லை. வாசல் தெரிந்தது, துவக்கு தெரிந்தது, அதன் வாய் எங்களைப் பார்த்து, எங்கள் துலாவைப் பார்த்து, விழுந்து கிடக்கிற ஒரு மரத்தைப் பார்த்து, பார்க்காமல் அங்காலை போனது. ஹெலி சரியவில்லை. சுடுகிறதென்றால் சரியும், வாசல் பக்கம் தாழ்ந்து வரும், இங்கத்தைச் சனம் எல்லாருக்கும் அது தெரியும். சரியாமல் நேரே போகிறது. போகிறது. கடவுளே போகிறது. என் வயிற்றுக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது, குளிர்ந்த தண்ணி குடித்த மாதிரி, நான் அவரின் சட்டையைப் பிடித்தேன், "போகுதப்பா" என்றேன். அப்போதுதான் அது சரிந்தது.

வேலிக்கு மேலால் நல்லையண்ணையின் துலாவின் நுனி தெரிந்தது. முழுக்க நிமிரவில்லை, முழுக்கத் தாழவும் இல்லை. மேலே போய்க் கீழே வந்து மேலே போய்க் கொண்டிருந்தது. யாரோ தொங்குகிறார்கள், தொங்கித் தொங்கிப் பார்க்கிறார்கள், கல் திரும்பத் திரும்ப இழுக்கிறது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும். அசையாமல் நின்ற துவக்கே அவனைப் பயப்படுத்தியது, இது அவனைக் குறி பார்த்து அசைகிறது. "விடண்ணை! விட்டிட்டு ஓடண்ணை!" என்று இவர் எழும்பிக் கத்தினார். யாருக்குக் கேட்கும். பிறகு அந்தச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு என்னிடம் சொல் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்கவில்லை, ஒரு முழு நீளமான சத்தம், புதுச் சீலையைக் கரையில் பிடித்து ஒரே இழுவையில் கிழித்த மாதிரி, கிழித்து முடியாத மாதிரி. எங்கள் தோட்டத்தில் மழை பெய்தது. மழை இல்லை, வெடித்த சன்னங்களின் வெறும் கோதுகள், சூடாக, வெங்காயத்தாளுக்குள் சொத்துச் சொத்தென்று விழுந்தன. ஒன்று என் புறங்கையில் பட்டுச் சுட்டது, நான் கையை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. ஹெலி நிமிர்ந்தது. நிமிர்ந்து, தன் வேலை முடிந்த மாதிரி, கடல் பக்கம் திரும்பியது. துலாவின் நுனி இப்போது மேலே நின்றது. அசையவில்லை. கல் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது, கயிற்றில் யாரும் இல்லை.

"நீர் இரும், வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு இவர் வேலிப் பொட்டால் ஓடினார். ஓடினபோது இடுப்பில் கட்டியிருந்த சாரம் முள்ளில் மாட்டிக் கிழிந்தது, நின்று எடுக்கவில்லை. நான் இருந்தேன். பிறகு எழும்பினேன். பால் சுரந்து நெஞ்சு கனத்துச் சட்டை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. பிள்ளை அழுகிறானாக்கும், பிள்ளை அழுதால் என் உடம்புக்குத் தெரியும், எதுவும் நடக்காத மாதிரி அதற்குத் தெரியும், உடம்புக்கு மானமே இல்லை. அண்ணை பாய்ந்து விழுந்து கிடப்பார், கத்தரிப் பாத்திக்குள் கிடப்பார், கால் முறிந்திருக்கும், காலென்றால் பரவாயில்லை, இவர் தூக்கிக்கொண்டு வருவார், நாரி ஏலாத மனிசன், பாரமாக இருக்க மாட்டார். பவளக்கா காலை எடுத்துப் படியில் வைத்தா. நான் பார்த்துக்கொண்டிருக்க வைத்தா. அவ முதலில் ஏறியிருந்தால் அந்தத் துலா கிடையாகக் கிடந்திருக்கும். இந்தத் துலா நிமிர்ந்திருக்கும். இந்தக் கயிற்றில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதையா நான் யோசித்து ஓடினேன், நான் ஒன்றையும் யோசிக்கவில்லை, அவரின் கை வழுக்கும் என்று மட்டும்தான் யோசித்தேன். திரும்ப ஒருக்கால் அந்தப் படியும் அந்த நேரமும் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டுப் பார்க்கிறேன். விடை வருகிறது. வருகிற விடையைப் பார்க்கப் பயந்து வேறு பக்கம் பார்க்கிறேன், வாழை இலையைப் பார்க்கிறேன், கோதுகளைப் பார்க்கிறேன், என்ரை மனிசனின் கால் பெருவிரல் நிலத்தில் பதிந்த இரண்டு குழியைப் பார்க்கிறேன்.

பவளக்கா பங்கரிலிருந்து ஏறி வந்துவிட்டா. தலையெல்லாம் செம்மண். குஞ்சைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வந்தா. "கட்டிப்போட்டியளோ? கெட்டிக்காரி. உன்ரை வாயாலை இப்பிடி ஒரு கட்டளை வருமெண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை" என்றா. "இவனைப் பார். இலையைப் பிழிஞ்சு ரெண்டு சொட்டு விட்டனான், சளி இளகிட்டுது. இனிக் குடிப்பான். எங்கையடி அடிச்சவன்? அந்தக் குளத்தடிப் பக்கமோ?" குஞ்சு அவவின் தோளில் கன்னத்தை வைத்து என்னைப் பார்த்தான். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், வடிவாக, சத்தமில்லாமல். "இந்தா பிடி. நான் போய் அந்தாளைப் பாக்கவேணும், கயிறு முடிய நான் வரேல்லையெண்டு மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிக்கும்" என்று பிள்ளையை என் பக்கம் நீட்டினா. என் கை எழும்பவில்லை. நான் வாங்கினால் அவவின் கை வெறுங்கையாகிவிடும். வெறுங்கையோடு அவ அந்தப் பொட்டைக் கடப்பா. "கொஞ்ச நேரம் வைச்சிருங்கோ அக்கா" என்றேன். "ஏனடி, கையிலை என்ன? சுட்டுட்டுதோ?" "ஓம்." "பெரிசாவோ? காட்டு." "இல்லை. கொஞ்சம் வைச்சிருங்கோ." அவ என் கையைப் பார்த்தா, பிறகு என் முகத்தைப் பார்த்தா. அப்போது வேலிக்கு அங்காலை இவரின் குரல் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. பவளக்காவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், ஒரு தரம், பிறகு திரும்பவும் ஒரு தரம். அவ ஓடினா. பிள்ளையைத் தர மறந்து, நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு, கத்தரிப் பாத்திகளை நோக்கி ஓடினா. நான் இரண்டு வெறுங்கையோடும் அவவுக்குப் பின்னால் ஓடினேன்.